யானை பிளேசரில், கழுகு ஜாக்கெட்டில்: ராணுவச் சின்னங்களைத் தைத்த செய்முறைக் குறிப்பு

டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தவை: மதராஸ் ரெஜிமென்ட்டின் ஜரிச் சின்னம் ஒன்று, 4-ஆவது டிவிஷனின் சிவப்புக் கழுகுத் துணிச் சின்னம் ஒரு ஜோடி, ஹவில்தாரின் மூன்று பட்டை, பெயர்ப்பட்டை, ஒரு வரிசை மெடல் ரிப்பன், கேப் பேட்ஜ். உடையவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருக்கு விழாக்களுக்குப் போட்டுப்போக நேவி ப்ளூ பிளேசரில் ரெஜிமென்ட் சின்னம் வேண்டும். பேத்திக்கு ஜீன்ஸ் ஜாக்கெட்டில் தாத்தாவின் கழுகு வேண்டும். பிளேசர் சொன்னபடி வந்துவிட்டது. ஜாக்கெட்தான் படுத்தி எடுத்தது. இப்போது இரண்டும் துவைத்து, உடுத்தி, கழற்றி மாட்டிப் பார்த்து நிற்கின்றன.

எது உடையில் ஏறும், எது ஏறாது

ஊசியை எடுக்கும் முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி இரண்டாகப் பிரித்தோம். ரெஜிமென்ட், டிவிஷன் சின்னங்கள் ஓர் அணியைச் சொல்பவை. பட்டை, ரிப்பன், பாரசூட் இறக்கை மாதிரியானவை அணிந்திருக்கும் ஆளைச் சொல்பவை: இவர் இந்தப் பதவியில் இருந்தார், இதைச் சம்பாதித்தார் என்று. இரண்டாவது வகை பேத்தியின் உடையில் ஏறவே கூடாது. ஃபேஷனுக்காக விற்கும் ஜாக்கெட்டுகளில் பட்டையும் இறக்கையும் கலந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தால் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 168-ஆவது பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140): ராணுவத்தினர் அல்லாதவர், தன்னை ராணுவத்தினர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்கள் உடுப்பையோ அடையாளத்தையோ ஒத்ததை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தின் மையம் நோக்கம். அதனால் பார்க்கிற ஆளுக்கு ஒரு நொடிகூட "இவர் பணியில் இருக்கிறவரோ" என்று தோன்றாதபடி வைப்பதே நம் வேலை.

அசோகச் சிங்கம் உள்ள எதையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ராணுவத்தின் பொதுச் சின்னத்தில் குறுக்கு வாள்களோடு சிங்கம் இருக்கிறது; மேஜர் முதல் பிரிகேடியர் வரையான பதவிகளின் தோள்பட்டையிலும் இருக்கிறது. அரசுச் சின்னத்தின் முறையற்ற பயன்பாட்டுக்கு 2005-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் தனியாக உண்டு. பதவி ஓய்வு பெற்றவருக்கும் அது பொருந்தும். ரெஜிமென்ட் சின்னம் என்று கடைக்காரர் எடுத்துத் தருவதையும் வாங்கும்போது சிங்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது நல்லது.

அடித்துணி எந்த நிறம் என்பதும் இதில் சேர்ந்ததுதான். ஆலிவ் பச்சை, காக்கி, புள்ளிப் புள்ளியான போர்ச்சீருடைத் துணி எதுவும் வேண்டாம். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடுப்பில் வந்ததற்குப் பிறகு, அந்த மாதிரித் துணியை உடுத்த வேண்டாம், விற்க வேண்டாம் என்று ராணுவமே பொதுமக்களையும் கடைகளையும் கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய போர்ச்சீருடைக்கு வடிவமைப்புப் பதிவும் வாங்கி வைத்திருக்கிறார்கள். சின்னமும் வேண்டும், போர்ச்சீருடைத் துணியும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து சீருடையாகிவிடும். நேவி ப்ளூ, பழுப்பு, சாதாரண ஜீன்ஸ் நீலம் போதும்.

பட்டை, பெயர்ப்பட்டை, ரிப்பன், கேப் பேட்ஜ் நான்கும் கண்ணாடிப் பெட்டிச் சட்டத்துக்குப் போயின. அது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; கம்பளித் துணியில் ஊசியால் குத்தி வைத்தோம், பசை தொடவில்லை.

பிளேசர்: ஜரிச் சின்னம்

மதராஸ் ரெஜிமென்ட் சின்னத்தின் நடுவில் இருப்பது 1803 அசாயிப் போரின் நினைவாக வந்த யானை. பட்டாலியன் இடம் மாறும்போது எந்த டிவிஷனின் கீழ் போகிறதோ அந்த டிவிஷன் சின்னம் தோளில் ஏறும், இறங்கும். ரெஜிமென்ட்டின் யானை மாறாது. பிளேசருக்கு யானையைத் தேர்ந்தது அதனால்.

இந்த வகைச் சின்னம் துணித்தையல் அல்ல. சுருள்கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைத்தது. ஆரி ஒர்க் கடைகளில் ஜர்தோசி என்று பாக்கெட்டில் விற்பதும் இதே இனம்தான். இந்தியாவில் வாரணாசியிலும் பாகிஸ்தானில் சியால்கோட்டிலும் பல நாட்டு ராணுவங்களுக்கு இதைச் செய்து அனுப்புகிறார்கள். கம்பி செம்பு; மேலே இருப்பது மெல்லிய பூச்சு. வியர்வையும் காற்றிலுள்ள கந்தகமும் பட்டால் கறுக்கும். கறுத்ததைப் புளி, எலுமிச்சை, பிராசோ எதைப் போட்டும் தேய்க்கக் கூடாது. பூச்சு போய்ச் செம்பு தெரியும், நீர் அடித்துணியில் இறங்கிப் பச்சைக் கறை விழும். குழந்தைகள் பல்துலக்கும் மென் பிரஷ்ஷால் உலர்ந்தபடியே தூசு தட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். மீதிக் கறுப்பு அதன் வயது, இருக்கட்டும்.

துதிக்கையின் நுனியில் 14 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பி அவிழ்ந்து தொங்கியது. அதற்கு வேண்டியவை: பழுப்பேறிய பொன் நிறத்தில், கடையில் ஆன்டிக் என்று கேட்டால் தரும் ஜர்தோசி, 10-ஆம் நம்பர் ஊசி, தேன்மெழுகில் இழுத்த ஒற்றை இழைப் பட்டுநூல். பளபளக்கும் புதுக் கம்பியை வைத்தால் ஒட்டுப் போட்டது மூன்றடி தள்ளித் தெரியும். துண்டு வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் நீளமாக வெட்டினால் நடுவில் கூன் விழும். குட்டையாக வெட்டினால் இரண்டு ஓரத்திலும் நூல் தெரியும். மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதத்தின் மேல் வைத்து, நகம் வெட்டும் சிறு கத்தரியால், தைக்கிற இடத்தை ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டினோம். துதிக்கை வளைவதால் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நீளம் ஒன்றல்ல. முதலில் எல்லாத் துண்டையும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக வைத்துக்கொண்டது வீண்.

அடுத்து, மாட்டுவது. பின்பக்கம் பட்டாம்பூச்சிப் பிடி கொண்ட ஊசிகள் மூன்று இருந்தன. பிளேசர் துணியில் நேராகக் குத்தலாம். ஆனால் சின்னத்தின் கனத்தில் ஓட்டை நாளடைவில் விரிந்துவிடும். நேராகத் தைத்தால் உலர்சலவைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஜரிக்கு உலர்சலவை ஆகாது, அயர்ன் பாக்ஸும் ஆகாது. அதோடு இந்த பிளேசரின் மார்புப் பை மேலே ஒட்டுப் பை அல்ல. பட்டி வைத்த உள்பை. அதன் மேல் எதையாவது தைத்தால் பை மூடிக்கொள்ளும்.

எனவே நாக்கு வைத்தோம். பைக்குள் இறங்கும் ஒரு தகடு, வெளியே பட்டியின் மேல் தொங்கும் சின்னம், இரண்டையும் இணைக்கும் துணிக்கீல்.

நாக்குக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். வெந்நீரில் பிளீச்சிங் கரைசல் விட்டு ஊறவைத்தால் மேல்பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், நீலத் தகடு மிஞ்சும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பையின் அகலம் 10.5 செ.மீ. என்பதால் நாக்கு 9.5 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று, கருப்புப் பருத்தி உறைக்குள். முனைகளை உருண்டையாக வெட்டாவிட்டால் பை லைனிங்கைக் கிழிக்கும். சின்னத்தின் பின்னால் கருப்பு ஃபெல்ட், அதற்கும் உள்ளே விறைப்புக்காகப் பக்ரம் துணி. ஃபிலிமையே மடித்துக் கீலாக்கப் பார்த்தோம். மடிப்பில் விரிசல் விட்டது. 4 மி.மீ. இடைவெளியில் துணிக்கீல்தான் சரி.

இதில் எவரும் சொல்லித் தராத ஒரு விஷயம்: மார்புப் பையின் பட்டி கிடைமட்டம் அல்ல. தோள் பக்கம் உயர்ந்திருக்கும். இந்த பிளேசரில் 10.5 செ.மீ. அகலத்துக்கு 1.5 செ.மீ. ஏற்றம். கீலைச் சின்னத்தின் தலைக்கு நேராகத் தைத்துப் பைக்குள் விட்டதும் யானை மேடேறிக்கொண்டிருந்தது. பிளேசரை உடையவர் போட்டு நிற்க, பட்டியிலிருந்து ஒரு நூலில் பட்டன் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலுக்குச் சின்னத்தின் நடுக்கோடு இணையாகும்வரை சின்னத்தைத் திருப்பி, கீலின் சரிவை டெய்லர் சாக்கால் குறித்துக்கொண்டு மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. மேசையில் வைத்துக் குறிக்க முடியாது. தோள் சரிவு ஆளுக்கு ஆள் வேறு.

மெடல் அணிகிற நாளில் சின்னத்தைக் கழற்றிவிடுங்கள். முழு அளவு மெடல்கள் பையின் மேல் வந்து தொங்கி, நடக்கும்போது ஆடி ஜரியைச் சுரண்டும். நாக்கு வைத்ததில் இந்த வசதியும் கிடைத்தது.

ஜாக்கெட்: கழுகு

4-ஆவது இந்திய டிவிஷன் 1941-இல் எரித்ரியாவின் கேரெனிலும் 1944-இல் இத்தாலியின் மோண்டே காசினோவிலும் போரிட்டது இந்தக் கழுகின் கீழ்தான். ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்களும் அதில் இருந்தார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் பாய்ந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன், பிரிட்டிஷ் வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர், அந்த சாப்பர் படையைச் சேர்ந்தவர். அவ்வளவு கதை உள்ள சின்னத்தை ஜீன்ஸோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட மனம் வருமா? ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்தியதும் இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. அசல் ஜோடி கண்ணாடிப் பெட்டிச் சட்டத்துக்கே போகட்டும், உடைக்கு நகல் என்று முடிவானது.

அசல் இன்னும் பழைய சட்டையிலேயே தைத்திருந்தது. முன்பக்கம் கத்தி வைக்காதீர்கள். சட்டையை உள்புறம் திருப்பி, பின்பக்கத்து நூலில் நான்கு தையலுக்கு ஒன்றாக ரிப்பரால் வெட்டிக்கொண்டே போய், முன்பக்க நூலை இடுக்கியால் இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். மீதி நூல்துணுக்கை செல்லோடேப்பால் ஒற்றி எடுக்க ஆசை வரும். பழைய துணியின் இழையும் கூடவே வரும், வேண்டாம்.

நகலுக்குப் படம் எடுக்க செல்போன் கேமரா உதவவில்லை, ஓரங்கள் வளைந்தன. அசலை ஸ்கேல் பக்கத்தில் வைத்து 600 டிபிஐ-இல் ஸ்கேன் செய்தோம். பள்ளிச் சீருடைக்குச் சின்னம் போடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கொடுத்தோம். 6.4 செ.மீ. சதுரம், ட்வில் துணி, 40-ஆம் நம்பர் பாலியெஸ்டர் நூல், தையல் அடர்த்தி 0.4 மி.மீ., ஓரம் 3 மி.மீ. சாட்டின். ரேயான் நூல் மினுமினுப்பு அதிகம், ஆனால் துவைக்கத் துவைக்க நிறம் விடும்.

முதல் மாதிரியில் கழுகின் சிறகு ஒரே சிவப்புத் திட்டாக வந்தது. கடைக்காரர் படத்தைத் தானியங்கியாக மாற்றியிருந்தார். ஒவ்வொரு இறகுக்கும் தையல் சாயும் கோணத்தை மாற்றிப் போடச் சொன்னால்தான் வெளிச்சம் வேறுவேறு திசையில் பட்டு இறகு பிரிந்து தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு எதுவும் நூலில் நிற்காது. அலகின் கீழிருந்த மெல்லிய வளைவை விட்டுவிட நேர்ந்தது. இன்னொன்று, நூல் இறுகும்போது துணியை இழுக்கும். இறகுகளுக்கிடையே அடித்துணி எட்டிப் பார்த்தது. இழுவைக்கு ஈடாக 0.3 மி.மீ. கூட்டச் சொன்னதும் சரியாயிற்று. பின்பக்கத்தில் துணிப் பேனாவால் "நகல்" என்றும் வருடத்தையும் எழுதிவிட்டோம். நாளைக்கு யாராவது பழைய பொருள் கடையில் இதை அசல் என்று விற்காமல் இருக்க.

எந்த இடம்? சீருடையில் டிவிஷன் சின்னம் மேல்கையில், தோள்தையலுக்குக் கீழே வரும். அந்த இடத்தை விட்டோம். இடது மார்பு, மெடலும் ரிப்பனும் ஏறும் இடம், அதையும் விட்டோம். வலது மார்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்ஸாக் தினத்தில் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மெடலை வலது பக்கம்தான் குத்திக்கொள்கிறார்கள்: இது என் குடும்பத்தாருடையது, என்னுடையது அல்ல என்பதற்கு. (கனடாவில் அதற்கும் அனுமதி இல்லை, குற்றவியல் சட்டப் பிரிவே உண்டு.) நாம் வைப்பது துணிச்சின்னம்தான் என்றாலும் பின்பற்றத் தோதான முறை. இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில், பேன்ட்டில், செருப்பில், தொப்பியின் முன்புறத்தில் வைப்பது பேச்சுக்கே இடமில்லை.

தைக்கும் முன் ஜாக்கெட்டை வெந்நீரில் துவைத்து, காயவைத்து, மறுபடி துவைத்தோம். புது ஜீன்ஸ் சுருங்கும். பாலியெஸ்டர் சின்னம் சுருங்காது. இதைத் தாண்டிப் போனால் சின்னத்தைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கும்.

ஒட்டுத்தாள் வைத்து அயர்ன் செய்வதுதான் முதலில் செய்தது. இதுதான் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னம் விழுந்த இடத்தின் ஒரு மூலைக்குக் கீழே ஜாக்கெட்டின் சாய்வுத் தையல் ஓடுகிறது. அங்கே துணி நான்கு மடிப்பு. சூடு நடுவில் ஏறியது, அந்த மூலைக்குப் போகவில்லை. துவைத்ததும் மூலை எழுந்தது, ஓரத்தில் பசை மஞ்சளாக வழிந்தது. பழுப்புக் காகிதம் வைத்து அயர்ன் செய்து பசையை உறிஞ்சி எடுத்தோம்.

16-ஆம் நம்பர் ஜீன்ஸ் ஊசியில் மெஷின் தையல் உறுதியாக நின்றது. ஆனால் சின்னம் ஜீன்ஸை விட விறைப்பு. ஜாக்கெட்டை மேசையில் தட்டையாக வைத்துத் தைத்ததால் போட்டதும் சின்னத்தின் கீழ் துணி உப்பிக்கொண்டது. ஹேங்கரில் மாட்டி, உள்ளே டவலை நிரப்பி, கையால் ஓட்டுத்தையல் போட்டு அதன் பிறகு தைத்தால் உப்பாது. ஒருவழியாகச் சரிதான், ஆனாலும் கழற்ற முடியாது. ராணுவக் குடியிருப்பு வாசல், விமான நிலையம், போராட்டக் கூட்டம் போன்ற இடங்களுக்குப் போகும்போது சின்னத்தைக் கழற்றிப் பைக்குள் வைக்க முடிவது பெரிய வசதி. வெல்க்ரோ வைத்தால் கழற்றிய பிறகு ஜாக்கெட்டில் அசிங்கமான சதுரம் மிஞ்சும்.

கடைசியில் நின்றது டிச் பட்டன். 10 மி.மீ. அளவில் நான்கு. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள்; ஒட்டினால் இரும்பு, இரண்டு மழைக்குள் துருக்கறை. ஒட்டாத பித்தளை வேண்டும். சின்னத்தின் பின்னால் 6.2 செ.மீ. ஜீன்ஸ் துண்டைக் கையால் எம்மிங் செய்து, ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே நான்கு மூலையிலும் மொட்டுப் பாதியைத் தைத்தோம். மொட்டுகளின் நுனியில் டெய்லர் சாக்கைத் தேய்த்து, ஜாக்கெட்டில் இடம் பார்த்து அழுத்தினால் நான்கு வெள்ளைப் புள்ளி விழும். குழிப் பாதியை அந்தப் புள்ளிகளில் தைத்தால் மூலைகள் பிசகாது. அளந்து குறித்ததைவிட இது துல்லியம். குழிப் பாதி ஜாக்கெட்டில் இருப்பதால், சின்னத்தைக் கழற்றிய பிறகும் எதுவும் துருத்தாது. ஒவ்வொரு குழிக்கும் உள்பக்கம் ஒரு சின்னச் சட்டை பட்டனைச் சேர்த்துத் தைத்தோம். இல்லாவிட்டால் இழுத்துக் கழற்றும்போது துணி பிய்யும். மார்புப் பைக்குள் இடது கையை விட்டுக்கொண்டு வெளித்துணியை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும், விரலில் அங்குஸ்தானோடு. பை மூடிக்கொண்டால் மறுபடி பிரிக்கணும்.

செலவும் அடுத்த முறையும்

எம்பிராய்டரிக்குப் படம் மாற்ற ₹450, நான்கு நகல் தலா ₹90, டிச் பட்டன் ஓர் அட்டை ₹40, ஜர்தோசி ₹60, ஃபெல்ட் ₹30, ஊசி, நூல், பக்ரம் சேர்த்து ₹70. மொத்தம் ₹1,010. பிளேசரும் ஜாக்கெட்டும் வீட்டில் இருந்தவை, எக்ஸ்ரே ஃபிலிமும்தான்.

அடுத்த முறை நகலின் ட்வில் துணியை அசலைவிட ஒரு சாயல் வெளுப்பாக எடுப்போம்; நூல் ஏறியதும் மொத்தமும் எதிர்பார்த்ததைவிட அடர்ந்து தெரிகிறது. பிளேசரின் துணிக்கீலுக்குப் பருத்திக்குப் பதில் கிராஸ்கிரெயின் ரிப்பன், ஏனென்றால் பருத்தி மடிப்பில் இப்போதே வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. ஜரிச் சின்னத்தை ரப்பர் பேண்டோ அந்துருண்டையோ படாமல் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி வைத்திருக்கிறோம். ரப்பரில் கந்தகம் இருக்கும், ஒரு மழைக்காலத்தில் கோடு கோடாகக் கறுத்துவிடும்.